சொஜ்ஜி, பஜ்ஜி, மூணு குழல் துப்பாக்கி

பெண் பார்க்கப் போகிறவன் பெண்ணைப் பார்க்க வேண்டும். இதற்குப் பெரிய படிப்பெல்லாம் தேவையில்லை. நம் ஊரில் எத்தனையோ ஆண்கள் எந்தப் பயிற்சியும் இல்லாமல் போய், பஜ்ஜியைத் தின்று, பெண்ணைப் பார்த்து, காபியைக் குடித்துவிட்டுப் பத்திரமாக வீடு திரும்பியிருக்கிறார்கள். எங்கள் தாமோதரன் மாமாவே இதைச் செய்திருக்கிறார் (மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டால் எதிரில் நிற்பது மாடா மனிதனா என்று அவருக்குத் தெரியாது). என்னால் மட்டும்தான் முடியவில்லை.

எழுபதுகளின் தொடக்கம் அது. திருநின்றவூரில் வீடு, காக்களூர் பக்கம் போல்ட்டும் நட்டும் செய்கிற ஒரு பட்டறையில் ஸ்டோர் கிளார்க் வேலை, ஒரு சைக்கிள், ஒரு அம்மா. கல்யாணச் சந்தையில் நான் அப்படியொன்றும் மட்டமான சரக்கில்லை. ஆனால் எனக்கு ஒரு பைத்தியம் பிடித்திருந்தது. பழைய வேட்டைத் துப்பாக்கிப் பைத்தியம்.

சொந்தமாக ஒரு துப்பாக்கிகூடக் கிடையாது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். லைசென்ஸும் கிடையாது, வாங்க வக்கும் கிடையாது. ஆனாலும் நான் சேகரிப்பாளன்தான். கட்டிலுக்கு அடியில் ஒரு தகரப் பெட்டி. அதில் வெடித்து முடிந்த பித்தளைத் தோட்டாக் கூடுகள், உடைந்துபோன ஒரு துப்பாக்கிக் கட்டையின் அடிப்பாகம், துப்பாக்கியே இல்லாத ஒரு விசை, பழைய பேப்பர் கடைகளில் பொறுக்கிய வெள்ளைக்காரக் கம்பெனி கேட்லாகுகள். அந்தக் கேட்லாகுகள் எனக்கு மனப்பாடம். எந்தக் குழல் எந்த தேசத்தில் செய்தது, எந்த முத்திரைக்கு என்ன அர்த்தம் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். யாரும் எழுப்பிக் கேட்கவில்லை என்பதுதான் குறை.

ஞாயிற்றுக்கிழமையானால் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவேன். ஊத்துக்கோட்டை, பெரியபாளையம், பொன்னேரி என்று எந்த ஊர் மிராசுதார் வீட்டில் பழைய துப்பாக்கி இருப்பதாகக் கேள்விப்பட்டாலும் வாசலில் போய் நின்று, "சார், உங்க துப்பாக்கிக்கு மதிப்பு போட்டுச் சொல்றேன், ஃப்ரீயா" என்பேன். சில வீடுகளில் மோர் கொடுத்தார்கள். சில வீடுகளில் நாயை அவிழ்த்துவிட்டார்கள். ஒரு வீட்டில் கொக்கு சுடுகிற துப்பாக்கியைப் பார்த்து, "இது யானை சுடறதுக்குச் செஞ்சது" என்று சொல்லிவிட்டு வந்தேன். அந்த வீட்டுக்காரர் அன்று முதல் மீசையை முறுக்கிக்கொண்டு நடந்தாராம். என் மதிப்பீட்டால் விளைந்த ஒரே நன்மை அதுதான்.

("கோழி அறுக்கச் சொன்னா கொல்லைப் பக்கம் ஓடற பய, இவனுக்குத் துப்பாக்கி ஒரு கேடு!" என்பாள் அம்மா. அதுவும் நிஜம்தான்.)

கல்யாணம் செய்துகொண்டால் ஞாயிற்றுக்கிழமைகள் பறிபோகும் என்பதால் எந்தச் சம்பந்தத்துக்கும் நான் பிடிகொடுக்கவில்லை. அம்மா அழுது பார்த்தாள். மாமா திட்டிப் பார்த்தார். கடைசியில் தரகர் துலுக்காணம்தான் என் நாடியைச் சரியாகப் பிடித்தார்.

"தம்பி, புதுவாயல் தாண்டி ஒரு எடம். பொண்ணு பேரு சுலோச்சனா. எஸ்.எஸ்.எல்.சி. பாஸ். அப்பா கன்னியப்பன், ரோட்டு மேலயே சவுக்குத் தொட்டி வெச்சிக்கினு கீறாரு. சவுக்குக் கட்டை லோடு லோடா மெட்ராசுக்குப் போவுது."

"வேணாங்க."

"பொண்ணு லட்சணமா இருக்கும்."

"வேணாங்க."

"அவங்க ஊட்டுக் கூடத்துல ஒரு துப்பாக்கி மாட்டிக்கினு கீது. மேல ரெண்டு குழலு, அடியில ஒரு குழலு."

நான் எழுந்து நின்றுவிட்டேன்.

இதன் மகிமையைக் கொஞ்சம் விளக்க வேண்டும். வேட்டைத் துப்பாக்கி பொதுவாக இரண்டு ஜாதி. ஈய ரவையைச் சிதறடித்துப் பறவை சுடுவது ஒன்று. ஒற்றைக் குண்டில் மானையோ பன்றியையோ சாய்க்கும் ரைஃபிள் இன்னொன்று. இந்த இரண்டையும் ஒரே கட்டையில் பூட்டிச் செய்வதில் ஜெர்மன்காரன் கில்லாடி. மேலே ரவைக்கு இரண்டு குழல், அடியில் குண்டுக்கு ஒரு குழல். தலைக்கு மேலே பறந்தாலும் சரி, புதரிலிருந்து பாய்ந்தாலும் சரி, எதுவும் தப்பாது. அதுவரை கேட்லாகில் படமாகத்தான் அதைப் பார்த்திருந்தேன். அது நம் கல்கத்தா ரோட்டில், புதுவாயல் தாண்டி, ஒரு விறகுத் தொட்டிக்காரர் வீட்டில் தொங்குகிறது என்றால்!

"என்னிக்குப் போலாம்?" என்றேன். அம்மா சந்தோஷத்தில் துலுக்காணத்துக்கு இன்னொரு டம்ளர் காபி கொண்டுவந்தாள்.

என் திட்டம் மிக எளிமையானது. கன்னியப்பனுக்கு ஆண் வாரிசு இல்லை. மூத்த மாப்பிள்ளை மீஞ்சூரில் டீக்கடை வைத்திருப்பவர், துப்பாக்கியை ஏறெடுத்தும் பார்க்காதவர். ஆக, இன்றில்லாவிட்டாலும் என்றாவது ஒரு நாள் லைசென்ஸ் என் பெயருக்கு மாறும். பெண்ணைப் பற்றி நான் அதிகம் யோசிக்கவில்லை. இப்படியொரு துப்பாக்கி இருக்கிற வீட்டில் வளர்ந்தவள் எப்படி நன்றாக இல்லாமல் போவாள்?

பெண் பார்க்கும் நாள் வந்தது. அம்மா தாம்பாளத்தில் பூ, பழம், வெற்றிலை எடுத்து வைத்துக்கொண்டாள். நான் பட்டறையிலிருந்து கொண்டுவந்த வெர்னியர் காலிப்பர் (குழலின் வாய் அளக்க), டார்ச் லைட் (குழலின் உள்ளே பார்க்க), பூதக்கண்ணாடி (முத்திரை பார்க்க) மூன்றையும் எடுத்து வைத்துக்கொண்டேன். சட்டைப் பை ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு தொங்கியது.

"இன்னாடா ஏகாம்பரம் அது? பொண்ண அளந்து பாக்கப் போறியா?" என்றார் தாமோதரன் மாமா.

திருவள்ளூரில் பஸ் ஏறி, மாறி, மறுபடி மாறி, வெயிலில் வெந்து, ஒரு வழியாகப் போய்ச் சேர்ந்தோம். துலுக்காணம் பஸ் நிறுத்தத்திலேயே காத்திருந்து அழைத்துப் போனார். வழியில் ஒன்றைக் கவனித்தேன். தெருவில் எல்லாரும் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார்கள். விறகு பிளக்கிற ஆட்கள், லாரி டிரைவர்கள், தண்ணீர் எடுத்துப்போகும் பெண்கள் எல்லாரும் எங்களைப் பார்ப்பதும் கன்னியப்பன் வீட்டைப் பார்ப்பதுமாக இருந்தார்கள். ஒரு அம்மாள் கையில் சர்க்கரைக் கிண்ணத்தோடு நின்றதுகூட ஞாபகம் இருக்கிறது. நல்ல மரியாதை தெரிந்த ஊர் என்று நினைத்துக்கொண்டேன்.

கன்னியப்பன் வீடு, நடுவில் முற்றம் விட்ட ஓட்டு வீடு. ஆள் வாட்டசாட்டமாக இருந்தார். துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு வாயெல்லாம் பல்லாக வரவேற்றார். கூடத்தில் ஜமுக்காளம் விரித்திருந்தது. அதற்கு மேலே, சுவரில், இரண்டு மர முளைகளில் அது படுத்திருந்தது.

எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. பொய் சொல்லவில்லை, நாக்கு உலர்ந்து போயிற்று. திருப்பதியில் வெகுநேரம் வரிசையில் நின்று கடைசியில் கர்ப்பக்கிரகத்துக்கு முன்னால் வந்து நிற்பவனுக்கு எப்படி இருக்குமோ அப்படி இருந்தது. மேலே இரண்டு குழல், அடியில் ஒன்று. துலுக்காணம் அவர் தொழிலிலேயே முதல் முறையாக உண்மை சொல்லியிருந்தார்.

"தம்பி துப்பாக்கியத்தான் பாக்குது," என்று சிரித்தார் கன்னியப்பன். "வயசுல பழவேற்காடு ஏரியில துரைமாருங்கள படகுல இட்டுக்கினு போவேன், வாத்து சுட. அதுல ஒரு துரை சீமைக்குத் திரும்பிப் போவசொல்ல எங்கிட்ட குடுத்துட்டுப் போனாரு. லைசென்சு எல்லாம் கரீட்டா கீது."

"எடுத்துப் பாக்கலாங்களா?"

"தாராளமா பாரு தம்பி. ஆனா…" என்று அவர் ஏதோ சொல்ல ஆரம்பித்தார். அந்த நேரம் பார்த்து அம்மா, "ஜாதகத்துல ஒரு சந்தேகம்" என்று பேச்சைத் திருப்பிவிட்டாள். அவர் அந்தப் பக்கம் திரும்பிவிட்டார். அந்த 'ஆனா'வுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று கேட்கிற நிதானம் எனக்கு இல்லை. முளையிலிருந்து துப்பாக்கியை இறக்கியிருந்தேன்.

பழைய துப்பாக்கியை மதிப்பிட ஒரு முறை இருக்கிறது. முதல் வேலை, திறந்து பார்த்துக் குழல் காலியா என்று உறுதிசெய்துகொள்வது. மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான். இதை நானே எத்தனை வாசல்களில் நின்று எத்தனை பேருக்கு உபதேசம் செய்திருக்கிறேன்! ஆனால் இந்தத் துப்பாக்கியின் உள்ளே பார்ப்பதை நான் கடைசிக்கு வைத்துக்கொண்டேன். விருந்தில் பாயசத்தைக் கடைசியில் குடிப்பதுபோல அதை ஆசையாக ஒத்திப்போட்டேன்.

அதற்குள் தட்டு வந்துவிட்டது. சொஜ்ஜி, வாழைக்காய் பஜ்ஜி. இடது கையால் துப்பாக்கியை மடியில் தாங்கிக்கொண்டு வலது கையால் பஜ்ஜி தின்றேன். (எண்ணெய் விரலால் தொடக்கூடாது என்ற சாதாரண அறிவு எனக்கும் உண்டு. வேட்டியில் துடைத்துக்கொண்டேதான் தொட்டேன். ஓரளவு துடைத்துக்கொண்டு.) ரவைக் குழல் இரண்டும் இரும்பையும் எஃகையும் முறுக்கி அடித்துச் செய்தவை. உடம்பு முழுக்கப் பாம்புச் சட்டை மாதிரிக் கோடு ஓடியது. பூதக்கண்ணாடியைப் போட்டால் கிரீடம் வைத்த ஜெர்மன் முத்திரை பளிச்சென்று நின்றது! பக்கத்துத் தகட்டில் ஒரு புறம் பறக்கும் வாத்து, மறு புறம் ஓடும் மான், அதன் கொம்பின் கிளைகள்கூட எண்ணுகிற மாதிரிச் செதுக்கியிருந்தான் அந்த மகராசன். காலிப்பரைக் குழல் வாயில் வைத்து அளந்தேன். பதினாறு போர் (துப்பாக்கிக்காரர்கள் குழல் வாயின் அளவை இப்படித்தான் சொல்வார்கள்)! "பதினாறு! பதினாறு!" என்று கத்தியிருக்கிறேன். பெண்ணின் வயதைச் சொல்கிறேன் என்று நினைத்து அவள் அம்மா பதறிப்போய், "இல்லீங்க, இருபது முடிஞ்சிடுச்சு" என்றாராம். எனக்கு அதெல்லாம் காதில் விழவில்லை.

இந்தச் சமயத்தில்தான் யாரோ என் முன்னால் ஒரு டம்ளரை நீட்டினார்கள். கண்ணாடி வளையல் போட்ட கை. நான் கட்டையின் வளைவைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அங்க வெச்சிட்டுப் போம்மா," என்றேன்.

டம்ளர் கொஞ்ச நேரம் அப்படியே நின்றது. பிறகு 'டக்'கென்று தரையில் வைக்கப்பட்டது. கொலுசுச் சத்தம் உள்ளே போய்விட்டது. அம்மா என் தொடையில் கிள்ளினாள். கொசு என்று நினைத்துத் தட்டிவிட்டேன்.

இப்போது கூடம் முழுக்க என்னையே கவனித்தது. அதை அவர்கள் வியக்கிறார்கள் என்று நான் எடுத்துக்கொண்டேன். உற்சாகம் தலைக்கேறியது. எழுந்து முற்றத்து ஓரமாக வந்து நின்றேன்.

"நல்ல துப்பாக்கியான்னு கண்டுபிடிக்க ஒரு வழி இருக்குதுங்க," என்றேன், பிரசங்கம் செய்கிற குரலில். "சத்தம். பின்னால சுத்தியல் மாதிரி நிக்குது பாருங்க, இதுக்குக் குதிரைன்னு பேரு. இதத் தூக்கினா ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தத்திலயே உள்ள இருக்கற வேலை தெரிஞ்சிடும்."

கன்னியப்பன் திரும்பினார். அவர் முகம் மாறியது. "தம்பி, தம்பி, வோணாம்…"

"பயப்படாதீங்க, எனக்குப் பழக்கம்," என்றேன்.

துப்பாக்கியை வானத்தைப் பார்த்து நிமிர்த்திக் குதிரையைக் கட்டை விரலால் பின்னுக்கு இழுத்தேன். கிளிக், கிளிக் என்று இரண்டு சத்தம். எவ்வளவு சுத்தமான சத்தம்! கண்ணை மூடி ரசித்தேன். இனி விரலால் குதிரையைப் பிடித்துக்கொண்டே விசையை அழுத்தி, மெதுவாக, பூப்போல இறக்கி வைக்க வேண்டும். விசையை அழுத்தினேன். பஜ்ஜி எண்ணெயில் கட்டை விரல் வழுக்கியது.

உலகம் வெடித்தது.

ஓட்டிலிருந்து தூசியும் பல்லியும் பழைய குருவிக்கூடு ஒன்றும் உதிர்ந்தன. கூடம் முழுக்கக் கரும்புகை. துப்பாக்கி என் இடுப்பில் ஒரு இடி இடித்துத் தள்ளியதில் நான் துளசி மாடத்தோடு சாய்ந்து நின்றேன். புகைக்குள் எங்கேயோ மாமா, "செத்தேன், செத்தேன்" என்று கத்தினார். அவர் சாகவில்லை. சொஜ்ஜித் தட்டின் மேல் உட்கார்ந்திருந்தார். அம்மா காதைப் பொத்திக்கொண்டு, "இன்னாடா பண்ணித் தொலைச்ச?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். நான் என்ன பதில் சொன்னாலும் அவளுக்குக் கேட்கவில்லை.

யாருக்கும் அடியில்லை. குழலில் இருந்தது குண்டில்லாத தோட்டா. வெறும் கருமருந்தும் காகித அடைப்பும்தான். அதைப் புரிந்துகொண்டு நான் மூச்சுவிடுவதற்குள் அடுத்த சத்தம் கேட்டது. தெருவிலிருந்து கிளம்பிய சந்தோஷக் கூச்சல்.

"முடிஞ்சிடுச்சு! நம்ம சுலோச்சனாவுக்கு முடிஞ்சிடுச்சு!"

வாசல் கதவு திறந்துகொண்டது. அந்தச் சர்க்கரைக் கிண்ணத்து அம்மாள் முதலில் வந்தார். வந்தவர் திறந்திருந்த என் வாயிலேயே ஒரு கை சர்க்கரையைப் போட்டார். பின்னால் விறகு பிளக்கிற ஆட்கள், லாரி டிரைவர்கள், தட்டும் மஞ்சளுமாகப் பெண்கள். எங்கிருந்தோ ஒரு மேளக்காரர் வேறு வந்துவிட்டார். எப்படித் தயாராக இருந்தார் என்று இன்றுவரை தெரியாது. வந்த வேகத்தில் அடிக்க ஆரம்பித்துவிட்டார்.

கன்னியப்பன் என் பக்கத்தில் வந்து, புகையில் கண் கலங்க, தணிந்த குரலில் சொன்னார்: "எங்க ஊட்டு வழக்கம் தம்பி. பொண்ணுக்கு எடம் முடிஞ்சா ஒரு வேட்டு போடுவோம். ஊருக்கே அதான் சேதி. பெரியவளுக்கும் போட்டேன். பொண்ணு பாக்க வர்ற அன்னிக்கு மருந்து போட்டு ரெடியா மாட்டி வெப்பேன். வந்தவங்க 'போய்ச் சொல்லி அனுப்பறோம்'னு கெளம்பினதும் தோட்டாவ எடுத்துடுவேன். இவளுக்கு இதுவரிக்கும் எடுத்து எடுத்துத்தான் வெச்சிக்கினு கீறேன்."

ஊர் முழுக்க வாசலில் நின்றதற்கு அப்போதுதான் காரணம் புரிந்தது. அவர்கள் எங்களைப் பார்க்க நிற்கவில்லை, அந்தச் சத்தத்துக்காகக் காத்து நின்றிருக்கிறார்கள்.

"இது சும்மா கை தவறி வெடிச்சதுய்யா! நாங்க இன்னும் சம்மதமே சொல்லல!" என்று மாமா எழுந்தார் (பின்பக்கம் முழுக்கச் சொஜ்ஜி).

மேளம் நின்றது. சர்க்கரைக் கிண்ணத்து அம்மாளின் முகம் விழுந்துவிட்டது. "வேட்டு போட்டப்புறம் இல்லேன்னா எப்டிங்க? இனிமே எவன் வருவான் இந்தப் பொண்ணப் பாக்க?" என்றார். கூட்டத்தில் ஒருவர்கூட அதை மறுக்கவில்லை. கன்னியப்பன் அவ்வளவு பெரிய உடம்பைத் தூணில் சாய்த்துக்கொண்டு நின்றார். என் உற்சாகமெல்லாம் வடிந்துவிட்டது. நான் ஒரு துப்பாக்கியை மதிப்பிட வந்து ஒரு பெண்ணின் வாழ்க்கையைச் சந்தி சிரிக்க வைத்திருக்கிறேன். அவள் முகம்கூட எனக்குத் தெரியாது!

அப்போது சமையலறைப் பக்கமிருந்து அவள் வந்தாள்.

கரும்புகை அவளையும் விடவில்லை. நெற்றியில் ஒரு தீற்றல், மூக்கு நுனியில் ஒரு பொட்டுக் கரி. கையில் அந்தக் கண்ணாடி வளையல். கண் இரண்டும் கோபத்தில் ஜொலித்தன. நான் வாழ்க்கையில் முதல் முறையாக ஒரு பெண்ணை நிமிர்ந்து பார்த்தேன். பார்த்துக்கொண்டே நின்றுவிட்டேன். முன்னாலேயே பார்த்திருக்கலாமே என்று அடித்துக்கொண்டது மனசு.

"நைனா, யாரும் அழ வோணாம்," என்றாள். "அந்தாளு என்னப் பாக்கவே இல்ல. காபி குடுக்கசொல்ல 'அங்க வெச்சிட்டுப் போம்மா'ன்னு சொன்னாரு. துப்பாக்கியப் பாக்கத்தான் வந்தாரு, பாத்துட்டாரு. போவச் சொல்லு."

"இல்லீங்க," என்றேன் நான். வாயில் சர்க்கரை இருந்ததால் அது 'இல்லிங்ஷ' என்று வந்தது. விழுங்கிவிட்டு மறுபடி சொன்னேன். "எனக்குச் சம்மதங்க."

"டேய்!" என்றாள் அம்மா, காது கேட்காவிட்டாலும் ஏதோ நடக்கிறது என்று புரிந்துகொண்டு.

மேளக்காரர் கோலைத் தூக்கினார். சுலோச்சனா கையைக் காட்டி அவரை நிறுத்தினாள்.

"உங்களுக்குச் சம்மதம், ரைட்டு. எனக்கு வோணாமா?" என்று என்னைப் பார்த்துத் திரும்பினாள். "ஒண்ணு கேக்கறேன். இந்த ஊட்லருந்து ரெண்டும் ஒண்ணா வராது. நான் வந்தா துப்பாக்கி இங்கதான் இருக்கும். அது ஒரு நாளும் உங்க ஊட்டுக்கு வராது. லைசென்சு, பேரு மாத்தறது, எந்தப் பேச்சும் கூடாது. துப்பாக்கிதான் வோணும்னா நைனாகிட்டச் சொல்றேன், இப்பவே உங்களுக்கே எழுதிக் குடுத்துடுவாரு. எடுத்துக்கினு போய்க்கினே இருங்க. நானா, அதுவா? சொல்லுங்க."

மேளக்காரர்கூடக் கோலை இறக்கிவிட்டு என் வாயையே பார்த்தார்.

இந்த இடத்தில், நியாயமான எந்த மனிதனும், பெண்ணைப் பெற்றவர் தூணில் சாய்ந்து நிற்க, ஊர் திரண்டு நிற்க, மூக்கில் கரியோடு அப்படியொரு பெண் எதிரே நிற்க, "நீதான்" என்று உடனே சொல்லியிருப்பான்.

நான் யோசித்தேன்.

கையில் இருந்த துப்பாக்கியைக் குனிந்து ஒரு தரம் பார்த்தேன். வாத்தைப் பார்த்தேன், மானைப் பார்த்தேன். நிமிர்ந்து அவளைப் பார்த்தேன். மறுபடி (நான் சாகும்வரை இதற்காக வருந்துவேன்) குனிந்து அந்த முத்திரையைப் பார்த்தேன்.

"பாரேன், யோசிக்கறான்!" என்று கூட்டத்தில் ஒரு லாரி டிரைவர் வாய்விட்டுச் சொன்னார். "துப்பாக்கிக்கும் பொண்ணுக்கும் நடுவுல யோசிக்கறான்பா!"

கூட்டத்தில் முதலில் யாரோ ஒருவர் 'களுக்' என்றார். பிறகு பக்கத்தில் இருந்தவர். பிறகு தெரு முழுக்கச் சிரித்தது. தூணில் சாய்ந்திருந்த கன்னியப்பனே வயிற்றைப் பிடித்துக்கொண்டார். நான் காது மடல் வரை சிவந்து, "நீங்கதாங்க, நீங்கதான்!" என்று கத்தினேன். யாருக்கும் கேட்டதாகத் தெரியவில்லை.

சுலோச்சனாவுக்குக் கேட்டிருக்கிறது. உதட்டைக் கடித்துக்கொண்டு சிரிப்பை அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. "மொதல்ல கையில இருக்கறதக் கீழ வைங்க," என்றாள். பிறகு மேளக்காரரைப் பார்த்துத் தலையசைத்தாள்.

தை மாதம் கல்யாணம். முகூர்த்தத்தன்று வேட்டு போடவில்லை. எதற்கு, அதைத்தான் மாப்பிள்ளையே போட்டுவிட்டாரே என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். அம்மாவுக்குக் காது சரியாக ஒரு வாரம் ஆயிற்று. மாமா அதற்குப் பிறகு எங்கே பெண் பார்க்கப் போனாலும் முதலில் சுவரை நாலு பக்கமும் பார்த்துவிட்டுத்தான் உட்காருவார்.

ஏன் சம்மதித்தாய் என்று அவளைப் பின்னால் ஒரு நாள் கேட்டேன். "முன்ன வந்தவனுங்கள்லாம் பாடு, நட, தலைமுடியக் காட்டுன்னானுங்க. நீங்க ஒண்ணும் கேக்கல," என்றாள். "கதவு சந்துலருந்து பாத்துக்கினுதான் இருந்தேன். அந்தத் துருப்புடிச்ச இரும்ப எவ்ளோ பிரியமா தடவிக் குடுத்தீங்க! இரும்பயே இப்டிப் பாத்துக்கறவரு பொண்டாட்டிய அடிக்கமாட்டாருன்னு தோணுச்சு." அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். "அது துரு இல்ல, அது அந்தக் குழலோட இயற்கையான நிறம்" என்று விளக்க ஆரம்பித்துவிட்டேன். அன்று மாலை முழுக்க அவள் என்னோடு பேசவில்லை.

பிறகு வேட்டைக்குத் தடை வந்தது. கன்னியப்பனுக்கும் வயதாகிவிட்டது. துப்பாக்கியை மைசூர்ப் பக்கத்துச் சேகரிப்பாளர் ஒருவருக்குக் கொடுத்துவிட முடிவு செய்தார். வந்தவருக்கு அதன் பெருமையெல்லாம் எடுத்துச் சொல்ல என்னைத்தான் கூப்பிட்டார்கள். இந்த முறை முதலில் திறந்து பார்த்தேன். பஜ்ஜியைத் தொடவில்லை. முத்திரையையும் மானையும் வாத்தையும் காட்டி நான் சொல்லச் சொல்ல அந்த மனிதர் ஆனந்தத்தில் நெளிந்தார். கார் கிளம்பிப் போனதும் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். "புகை" என்றேன். "யாரு சுட்டாங்க?" என்றாள் சுலோச்சனா.

இவ்வளவு வருஷமாயிற்று. எங்கள் வீட்டில் யாராவது எதற்காவது தயங்கினால் அதற்கு 'அப்பா யோசனை' என்று பெயர். பிள்ளைகள் வைத்த பெயர் அது, பேரன் பேத்திகள் அதைத் 'தாத்தா யோசனை' என்று மாற்றிக்கொண்டார்கள். துணிக்கடையில் இரண்டு புடவையை வைத்துக்கொண்டு மருமகள் நின்றால், "தாத்தா யோசனை வேணாம்மா, சட்டுனு எடு" என்று பேத்தி அதட்டுகிறாள். ஓட்டலில் இட்லியா தோசையா என்று நான் சர்வரிடம் இழுத்தால் மேஜை முழுக்கச் சிரிக்கிறது. சர்வருக்குக் காரணம் தெரியாது, பாவம். நான் அன்று யோசித்தது கண் இமைக்கிற நேரம்தான் என்று எத்தனையோ தடவை சத்தியம் செய்துவிட்டேன். ஒரு காபி ஆறிப்போகிற நேரம் என்று சுலோச்சனா சாதிக்கிறாள். ஊரே அவள் பக்கம் சாட்சி.

போன மாதம் அவளுக்கு முழங்கால் வலி அதிகம். தைலம் தேய்த்துக்கொண்டிருந்தேன். திடீரென்று கேட்டாள்: "நெசமா சொல்லுங்க. இன்னிக்கு யாராச்சும் அதே துப்பாக்கியக் கொண்டாந்து முன்னால வெச்சி, நானா அதுவான்னு கேட்டா, எது வோணும்பீங்க?"

"நீதான்," என்றேன். ஒரு நொடிகூட எடுத்துக்கொள்ளவில்லை. இத்தனை வருஷத்துக் கறையைத் துடைத்துவிட்ட திருப்தியோடு அவளைப் பார்த்தேன்.

சுலோச்சனா காலை இழுத்துக்கொண்டாள்.

"யோசிக்காம சொல்றீங்க. அப்ப பொய்யிதான்."